திண்ணை வைத்த வீடு

கும்பகோணத்துக்கு ஒரு கல்யாணத்துக்குப் போனோம். மண்டபத்துக்கு எதிர்ச்சுவரில் கரிக்கட்டியால் எழுதியிருந்தது: ‘வீடு விற்பனைக்கு’. சும்மா பார்ப்போமே என்றுதான் நுழைந்தேன். திண்ணை, ரேழி, அதைத் தாண்டினால் முற்றத்தில் வெயில். நிலைப்படியின் நடுவே, தலைமுறைகள் மிதித்து மிதித்து வழுவழுவென்று ஒரு குழிவு. அதில் கால் வைத்ததுமே மனசு அங்கேயே உட்கார்ந்துவிட்டது. மூன்றாம் மாதம் பத்திரப்பதிவு! இப்போதும் நினைத்தால் படபடக்கிறது.

ஆசை இருந்தாலும் அவசரப்படவில்லை. தாய்ப்பத்திரம், 30 வருட வில்லங்கச் சான்று, வாரிசுகள் எல்லாருடைய கையெழுத்து, இவற்றை வக்கீல் பார்த்த பிறகே முன்பணம் கொடுத்தோம்.

வீட்டின் கூரை மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரங்கள் மேல் செங்கல்லைக் குத்துவாக்கில், குறுக்குச் சாய்வாக அடுக்கிச் சுண்ணாம்புக் காரை போட்ட தளம். பழுதுபார்க்க வந்த பெரிய கொத்தனார் சுவரைத் தட்டிப் பார்த்துச் சொன்னார்: “சிமெண்ட் பூசிடாதீங்க தம்பி. சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும். சிமெண்ட் ஈரத்தை உள்ளேயே அடைச்சிடும், காரை பொரிஞ்சு கொட்டும்.”

சற்றுமுன்தான் சுண்ணாம்பு ஊறவைத்தோம். தொட்டியில் இன்னும் கொதித்துக்கொண்டிருக்கிறது.