கொல்லிமலையில் ஒரு ஜீப்பும் அதன் வில்லும்



கொல்லிமலையை ஆண்ட ஓரியைப் பற்றி நீங்கள் பள்ளிப் பாடத்தில் படித்திருப்பீர்கள். வலிய வில்லை உடையவன் ஆதலின் அவனை வல்வில் ஓரி என்று புலவர்கள் போற்றினார்கள். அவன் எய்த ஓர் அம்பு யானை தொடங்கிப் பல விலங்குகளை ஊடுருவிச் சென்றது என்று புறநானூறு கூறுகிறது. செம்மேட்டில் அவனுக்குச் சிலை உண்டு. அந்த மலையில் நான் பல ஆண்டுகள் கணித ஆசிரியனாக இருந்தேன். தலைமையாசிரியனாகி ஓய்வு பெற்றதெல்லாம் பின்னால் வந்த கதை. இன்று நான் பேச எடுத்துக்கொண்டது, அந்த மலையில் என்னிடம் இருந்த வேறொரு வில்லைப் பற்றி. அது ஒரு பழைய ஜீப்பின் அடியில் இருந்தது.

இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படைகளுக்காக 1941 முதல் 1945 வரை ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட ஜீப்புகள் செய்யப்பட்டன. போர் முடிந்தபின் நம் நாட்டிலும் அவற்றின் வழிவந்த வண்டிகளைப் பொருத்திச் செய்யத் தொடங்கினார்கள். பாதை இல்லாத இடத்திலும் போவதற்கு என்றே பிறந்த வண்டி அது. நான்கு சக்கரங்களுக்கும் எஞ்சினின் விசை செல்லும். அச்சுகளுக்கும் மேலே உள்ள சேசிஸுக்கும் இடையில் நான்கு வில்கள் உண்டு. எஃகுப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நடுவில் ஓர் ஆணியால் பிணைத்த வில்கள் அவை. நம் முன்னோர் மாட்டு வண்டிக்கு இப்படி வில் வைத்தபோது அதற்கு வில்வண்டி என்று பெயர் வைத்தார்கள். லாரிப் பட்டறைகளில் இதைக் கமான் பட்டை என்பார்கள். நான் இங்கே பட்டை என்றே சொல்கிறேன்.

1998ஆம் ஆண்டு அந்த ஜீப்பை வாங்கினேன். பள்ளிக்கு வேண்டிய பெஞ்சுகளும் புத்தகக் கட்டுகளும் மலையடிவாரத்திலிருந்து ஏற வேண்டியிருந்தது. காரவள்ளியிலிருந்து மேலே செல்லும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். பாரம் ஏற்றியதும் வண்டியின் பின்புறம், அதிலும் இடப்பக்கம், தாழ்ந்துவிடும். பள்ளத்தில் இறங்கினால் அச்சு சேசிஸின்மேல் மோதிப் 'படீர்' என்று ஓசை எழும். வில் வலுவிழந்துவிட்டது என்று முடிவு செய்தேன். வலுவிழந்ததற்கு வலுவூட்ட வேண்டியதுதானே? வேறொரு பெரிய வண்டியின் பழைய பட்டைகளை அளவுக்கு வெட்டச் செய்து, பின்புறம் பக்கத்துக்கு இரண்டாக நான்கு பட்டைகளைச் சேர்த்துக் கட்டினேன். வண்டி நிமிர்ந்து நின்றது. அடிவாரத்திலிருந்து சிமெண்டு மூட்டைகளை ஏற்றி வந்தபோது ஓசையே இல்லை. என் கெட்டிக்காரத்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அடுத்த ஆண்டு பலாப்பழக் காலத்தில் ஒரு மாலைப் பொழுது. என் வகுப்பு மாணவன் ஒருவன் பலா மரத்திலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்டான். மலைமேல் முதலுதவி செய்து, கால் அசையாதபடி பலகை வைத்துக் கட்டி, உடனே நாமக்கல் கொண்டுபோகச் சொன்னார்கள். என் ஜீப்பைத் தவிர வேறு வண்டி அப்போது அகப்படவில்லை. பின்புறத் தரையில் இரண்டு கம்பளிகளை விரித்து அவனைக் கிடத்தினோம். அவன் தாய் காலைப் பிடித்துக்கொண்டு அருகில் உட்கார்ந்தாள். மழை தூறிக்கொண்டிருந்தது.

முதல் வளைவைத் தாண்டும் முன்பே என் தவறு எனக்குப் புரியத் தொடங்கியது. பத்துச் சிமெண்டு மூட்டைகளைத் தாங்கக் கட்டிய வில்லின்மேல் ஒரு சிறுவனும் ஒரு பெண்ணும் மட்டுமே இருந்தார்கள். சாலையில் கிடந்த கைப்பிடி அளவு கல்லின்மேல் சக்கரம் ஏறினாலும் வில் வளைந்துகொடுக்கவில்லை. வண்டியின் பின்புறம் முழுவதும் துள்ளிற்று. ஒவ்வொரு துள்ளலுக்கும் அவன் அலறினான். "வாத்தியாரே, வண்டி ஏன் இப்படித் தூக்கித் தூக்கிப் போடுது?" என்று அந்தத் தாய் கேட்டாள். நான் விடை சொல்லவில்லை. நடக்கும் வேகத்துக்கு வண்டியைக் குறைத்தேன். அப்படியும் ஒரு வளைவில் பிரேக்கை அழுத்தியபோது பின்சக்கரம் ஈரத் தரையைவிட்டு ஒரு கணம் எழும்பிற்று. வண்டி பக்கவாட்டில் வழுக்கிக் கைப்பிடிச் சுவரை ஒரு முழ தூரத்தில் நெருங்கி நின்றது. பையன் அதன்பின் அலறுவதை விட்டுவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டான். அலறியதைக் காட்டிலும் அந்த அமைதியைத் தாங்குவது எனக்குக் கடினமாக இருந்தது. நாமக்கல் போய்ச் சேர நள்ளிரவு ஆயிற்று.

பையன் பிழைத்தான், காலும் ஒழுங்காகக் கூடிற்று. நான் ஜீப்பை ஒரு கொட்டகையில் நிறுத்திவிட்டு, காலாண்டு விடுமுறை வரும்வரை தொடவில்லை. அந்த இடைக்காலத்தில் ஒரு தாளை எடுத்து, முன்பே செய்திருக்க வேண்டிய கணக்கைச் செய்தேன்.

வில்லின்மேல் எவ்வளவு பாரமோ அதற்கேற்ற அளவு அது வளையும் என்பதை ராபர்ட் ஹூக் என்ற ஆங்கில அறிஞர் 1678இல் வெளியிட்டார். இரு மடங்கு பாரம் என்றால் இரு மடங்கு வளைவு. இது உங்கள் எல்லோருக்கும் தெரியும். பட்டையின் தடிப்புக்கும் விறைப்புக்கும் உள்ள உறவோ வேறு வகையானது. தடிப்பு இரு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்காகும். தடிப்பின் முப்படியைப் பொறுத்து அது வளர்கிறது. என் வில்லில் இருந்தவை ஒன்பது பட்டைகள்; ஒவ்வொன்றும் 6 மில்லிமீட்டர் தடிப்பு. ஒன்பதோடு இரண்டு சேர்ந்தால் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேலாக விறைப்புக் கூடும் என்று மனக்கணக்குப் போட்டிருந்தேன். நான் சேர்த்த பட்டைகளோ 8 மில்லிமீட்டர். ஆறின் முப்படி 216. எட்டின் முப்படி 512. நீளம் ஒன்றே என்று கொண்டால், தடித்த பட்டை ஒன்று மெல்லிய பட்டைகள் இரண்டேகாலுக்கும் மேலான விறைப்புடையது. ஆகவே நான் சேர்த்தது இரண்டன்று, ஏறக்குறைய ஐந்து. விறைப்பு ஒன்றரை மடங்கு ஆகிவிட்டது. முப்படியை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிக் கற்பித்த கை, இரண்டு மில்லிமீட்டரை அலட்சியம் செய்தது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன், நீங்கள் வீட்டிலேயே சோதிக்கலாம். வண்டியின் பாரத்தால் வில் எவ்வளவு அமுங்கி நிற்கிறதோ, அந்த நீளமுள்ள நூலில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டு ஆட்டுங்கள். அந்த ஊசல் ஆடும் கதியும் வண்டி தன் வில்லின்மேல் மேலும் கீழும் ஆடும் கதியும் ஒன்றே. 25 சென்டிமீட்டர் நூல் நொடிக்கு ஒருமுறை ஆடும். 6 சென்டிமீட்டர் நூல் நொடிக்கு இரண்டுமுறை. மூன்று சென்டிமீட்டருக்கும் குறைந்தால் மூன்றுமுறை. நொடிக்கு ஒன்று அல்லது ஒன்றரை முறை ஆடுவதை நம் உடல் எளிதில் பொறுத்துக்கொள்ளும். அதற்குமேல் போகப் போக அது உலுக்கலாகிவிடும். விறைத்த வில் குறைவாக அமுங்கும். குறைவாக அமுங்குவதால் விரைந்து உலுக்கும்.

காலாண்டு விடுமுறை வந்தது. வில்லைக் கழற்றும் வேலையை நானே செய்வது என்று துணிந்தேன். முதல் நாளே ஒரு பாடம் கிடைத்தது. மழையில் ஊறிய மண்ணில் ஜாக்கியை வைத்து வண்டியைத் தூக்கினேன். சிறிது நேரத்தில் ஜாக்கி மண்ணுக்குள் இறங்கி வண்டி ஒருபுறம் சாய்ந்தது. நல்ல வேளையாக அடியில் எவரும் இல்லை. மாணவர்களே, இதை மட்டும் மறவாதீர்கள்: ஜாக்கி தூக்குவதற்கு உரியது, தாங்குவதற்கு உரியதன்று. கெட்டித் தரையில் நிறுத்தி, முன்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, தூக்கிய வண்டியின் சேசிஸை உறுதியான தாங்கிகள்மேல் இறக்கிய பிறகே அடியில் கை நீட்ட வேண்டும். செங்கல்லை அடுக்கி நிறுத்துவோரைக் கண்டிருக்கிறேன். செங்கல் முன்னறிவிப்பின்றி நொறுங்கும்.

மரையாணிகளில் முந்திய இரவே எண்ணெய் விட்டு ஊற வைத்தேன். மறுநாள் சக்கரங்களைக் கழற்றி, அச்சைத் தனியே ஜாக்கியால் தாங்கி, வில்லை அச்சோடு பிணைக்கும் யூ போல்ட்டுகளை அவிழ்த்து, இருமுனைகளிலும் உள்ள ஆணிகளைத் தட்டி எடுத்தேன். பிரேக்கு எண்ணெய் செல்லும் ரப்பர்க் குழாய் இழுபடாதபடி அச்சை மெல்ல மெல்லத் தாழ்த்த வேண்டும். இந்த ஒரு செயலுக்கே அரை நாள் பிடித்தது. வில் கையில் வந்ததும் நடு ஆணியை உடனே கழற்றிவிடலாகாது. அடுக்கிய பட்டைகள் அடங்கிக் கிடக்கும் விசை பெரிது. ஆணி விலகியதும் அவை துள்ளி முகத்தில் அறையும். இரண்டு பிடிகளால் அடுக்கை இறுக்கிக்கொண்டு, ஆணியை எடுத்து, பிறகு பிடிகளைச் சிறிது சிறிதாகத் தளர்த்தினேன்.

பட்டைகளைப் பிரித்து வைத்தபோதுதான் உண்மை வெளிப்பட்டது. இடப்பக்க வில்லில் மேலிருந்து இரண்டாவது பட்டை, நடு ஆணியின் துளையருகே குறுக்கே முறிந்து கிடந்தது. யூ போல்ட்டின் தகடு மூடியிருந்ததால் வெளியே தெரியவில்லை. முறிவின் முகத்தில் படிந்த துருவைப் பார்த்தால் அது பழைய முறிவு. வில்லின் முனை ஊசலாட உதவும் ஷேக்கிளும் துருவேறி அசையாமல் இறுகிப் போயிருந்தது. பட்டைகளுக்கு நடுவில் மசகு உலர்ந்து மண்ணும் துருவும் அடைத்திருந்தன. வண்டி தாழ்ந்ததற்குக் காரணம் இவையே. புதிய பட்டை ஒன்றும், ஒரு சில புஷ்களும், கொஞ்சம் கிரீசும் போதுமானவையாக இருந்த இடத்தில் நான் நான்கு தடித்த பட்டைகளை ஏற்றியிருந்தேன். திறந்து பார்க்காமலே மருந்து கொடுத்திருந்தேன்.

மற்றப் பட்டைகளில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு உண்டா என்று பார்க்க ஒரு பழைய முறை இருக்கிறது. பட்டையை மண்ணெண்ணெயில் ஊறவைத்து, நன்றாகத் துடைத்து உலர்த்தி, அதன்மேல் சுண்ணக்கட்டிப் பொடியைத் தூவி வைத்தால், வெடிப்பில் ஒளிந்த எண்ணெய் கசிந்து பொடியில் கோடாகத் தெரியும். பள்ளியில் சுண்ணக்கட்டிக்குப் பஞ்சமா? வெடிப்பு வேறெதிலும் இல்லை.

முறிந்த பட்டையை எடுத்துக்கொண்டு நாமக்கல் சென்றேன். லாரித் தொழிலால் பேர் பெற்ற அந்த ஊரில் பட்டை வேலை அறிந்தவர்கள் பலர். "ஒட்ட வைத்துக் கொடுக்க முடியுமா?" என்று கேட்டேன். பட்டறைக்காரர் சிரித்தார். வில் எஃகு பதம் ஏற்றப்பட்ட எஃகு. வெல்டிங் நெருப்பில் அந்தப் பதம் கெட்டு, ஒட்டிய இடத்துக்கு அருகிலேயே மறுபடியும் முறியும் என்று விளக்கினார். பழைய பட்டைகளின் வளைவைக்கூட வீட்டில் காய்ச்சி நிமிர்த்தலாகாது என்றார். அதே 6 மில்லிமீட்டரில் புதுப்பட்டை வாங்கினேன். நடு ஆணியும் யூ போல்ட்டுகளும் புதியனவே வாங்கினேன். ஒருமுறை முழு இறுக்கத்துக்கு இழுபட்ட யூ போல்ட் மறுமுறை நம்பத்தக்கதன்று.

கம்பித் தூரிகையால் தேய்த்து, கிராஃபைட் கிரீஸ் பூசி, மீண்டும் அடுக்கினேன். ரப்பர்ப் புஷ்களின் ஆணிகளை முதலில் தளர்வாகவே விட்டு, வண்டி தன் சக்கரங்களில் நின்று பாரம் முழுவதும் வில்லில் இறங்கிய பிறகே இறுக்கினேன். அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கினால் ரப்பர் முறுக்கிக்கொண்டு விரைவில் கிழியும். யூ போல்ட்டுகளை மூலைக்கு மூலை மாற்றி மாற்றி இறுக்கி, நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒரு சுற்று இறுக்கினேன். எண்ணெய் கசிந்த ஷாக் அப்சார்பர்களையும் மாற்றினேன். வில் துள்ளலை வாங்கிக்கொள்ளும். அதை அடக்குவது ஷாக் அப்சார்பர். வண்டியின் ஒரு மூலையை அழுத்தி விட்டுப் பாருங்கள். ஓர் ஆட்டத்தில் அடங்கிவிட்டால் நன்று. தொட்டில்போல் ஆடிக்கொண்டே இருந்தால் அது போயிற்று என்று பொருள்.

வேலை தொடங்குமுன் ஒரு சோதனை செய்திருந்தேன். நான்கு மாணவர்களைப் பின் அச்சுக்கு நேர்மேலே நிற்க வைத்தேன். மொத்த எடை 160 கிலோ. வண்டி 15 மில்லிமீட்டர் தாழ்ந்தது. பழுது பார்த்தபின் அதே நால்வரும் ஏறினார்கள். 23 மில்லிமீட்டர் தாழ்ந்தது. அளவுகோலைப் பிடித்துப் படித்துக் குறிப்பேட்டில் எழுதியவன் அந்தக் கால் முறிந்த மாணவன்தான். ஊன்றுகோலைப் பக்கத்தில் சாய்த்துவிட்டு ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். எட்டு மில்லிமீட்டர் வேறுபாட்டைக் கண்டு, "இவ்வளவுதானா சார்?" என்று கேட்டான். ஆமாம் என்றேன்.

இக்காலத்து இளைஞர் சிலர் ஜீப்பை உயர்த்திக் கட்டுவதில் ஆர்வம் கொண்டிருக்கிறார்கள். நீண்ட ஷேக்கிளைப் போடுவது அவற்றுள் மலிவான வழி. ஷேக்கிளை இரண்டு அங்குலம் நீட்டினால் வண்டி ஓர் அங்குலமே உயரும்; அதற்கு விலையாக முன் அச்சின் சாய்வு மாறி ஸ்டியரிங் அலையத் தொடங்கும். அன்றியும் 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, வண்டியைச் செய்தவர் குறித்த அமைப்பிலிருந்து மாற்றுவதற்குத் தடை விதிக்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019இல் அதை உறுதிப்படுத்தியது. தேய்ந்ததை அதே அளவில் புதுப்பிப்பதில் இந்தச் சிக்கல் எதுவும் இல்லை.

கழற்றிய தடித்த பட்டைகள் சில காலம் கொட்டகையில் கிடந்தன. வில் எஃகில் அடித்த அரிவாளுக்கு மலையில் நல்ல மதிப்பு உண்டு. ஊர்க் கொல்லர் வந்து மூன்றைக் கேட்டு வாங்கிக்கொண்டார். அவற்றில் அடித்த அரிவாள் ஒன்று அந்த மாணவன் வீட்டுக்கே போய்ச் சேர்ந்தது. பலாக்காய் வெட்டுவதற்கு அதைப்போல் வராது என்று அவன் தாய் சொன்னாள். நான்காவது பட்டையை நான் கொடுக்கவில்லை. அது இன்றும் என் மேசைமேல் தாள்கள் பறக்காதபடி கிடக்கிறது. அதன் ஓரத்தில் 512 என்று வெள்ளை வண்ணத்தில் எழுதி வைத்திருக்கிறேன்.