யோர்தான் கரையில் ஒரு பீடம்



இந்த ஆண்டுச் சொற்பொழிவுக்கு யோசுவா 22ஆம் அதிகாரத்தை எடுத்துக்கொண்டிருக்கிறேன். எரிகோ மதில் விழுந்த கதை ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதே புத்தகத்தில், நடக்காமல் நின்றுபோன ஒரு போரின் கதையும் இருக்கிறது.

ரூபன், காத் கோத்திரத்தாரும் மனாசேயின் பாதிக் கோத்திரத்தாரும் யோர்தானுக்குக் கிழக்கே நிலம் பெற்றவர்கள். மோசேக்குக் கொடுத்த வாக்கின்படி ஆற்றைக் கடந்து வந்து சகோதரருக்காகப் போரிட்டார்கள். யுத்தம் ஓய்ந்ததும் யோசுவா அவர்களை ஆசீர்வதித்து அனுப்பினார். ஊர் திரும்பும் வழியில் யோர்தான் ஓரத்தில் பெரிய பீடம் ஒன்றைக் கட்டினார்கள். செய்தி எட்டியதும் மற்றக் கோத்திரத்தார் படையெடுக்கச் சீலோவில் திரண்டார்கள்.

அந்தக் கோபத்தில் நியாயம் இருந்தது. கர்த்தர் தெரிந்துகொள்ளும் ஓரிடத்தில்தான் பலி என்பது உபாகமம் 12இன் கட்டளை. பாகால்பேயோர் என்னும் அந்நிய தேவனைப் பற்றிக்கொண்ட பாவத்தால் 24,000 பேர் வாதையில் மாண்டதையும் அவர்கள் மறக்கவில்லை. ஆனால் உபாகமம் 13 இன்னொன்றையும் சொல்கிறது. ஒரு பட்டணத்தார் அந்நிய தேவர்களிடம் போனார்கள் என்று கேள்விப்பட்டால், வாளெடுக்குமுன் நன்றாய் விசாரித்து, மெய்தானா என்று அறிய வேண்டும். ஒரு கட்டளைக்காகக் கொதித்தவர்கள் மற்றக் கட்டளைக்கும் கீழ்ப்படிந்தார்கள். ஆகவே படைக்கு முன்னே தூது போயிற்று.

தூதுக்குத் தலைமை ஏற்றவர் ஆசாரியரின் மகன் பினெகாஸ். பாகால்பேயோர் நாளில் அந்தப் பாவத்தைத் தண்டிக்க ஈட்டியெடுத்தவர் அவரே. வைராக்கியத்தில் அவரைக் குறைசொல்ல ஆளில்லை. பத்துப் பிரபுக்களோடு கீலேயாத்துக்குப் போய், குற்றச்சாட்டைப் பூசி மெழுகாமல் முகத்துக்கு நேரே வைத்தார். கூடவே, உங்கள் நிலம் தீட்டானது என்று நினைத்தால் எங்கள் பக்கம் வாருங்கள், எங்கள் சுதந்தரத்தில் பங்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் அழைத்தார். சகோதரனைத் திருத்த வந்தவர்கள் தங்கள் காணியை விட்டுக்கொடுக்க ஆயத்தமாக வந்தார்கள். இந்த அதிகாரத்தில் என்னை மிகவும் அசைப்பது இதுதான்.

பதில் யாரும் எதிர்பாராதது. அந்தப் பீடம் பலிக்காகக் கட்டியதல்ல. ஆற்றுக்கு அப்பால் இருப்பவர்களுக்குக் கர்த்தரிடத்தில் பங்கில்லை என்று நாளை உங்கள் பிள்ளைகள் எங்கள் பிள்ளைகளைத் தள்ளிவிடக்கூடாதே என்ற பயத்தில் எழுப்பிய சாட்சி. பிரிவினை என்று கண்டது உண்மையில் ஐக்கியத்துக்கான ஏக்கம். பினெகாஸ் அதைக் கேட்டார், ஏற்றுக்கொண்டார், தேவன் நம் நடுவில் இருக்கிறார் என்று மகிழ்ந்தார். பீடத்தை இடிக்கச் சொல்லவில்லை.

நம் மண்ணிலும் இப்படி நடந்திருக்கிறது. 1919இல் தரங்கம்பாடியில் கூடிய போதகர்கள் சபை ஐக்கியத்துக்கு அழைப்பு விடுத்தார்கள். பேராயர் அசரியா அதற்காக உழைத்து, கனியைக் காணாமலே 1945இல் மறைந்தார். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. பேராயர் ஆளுகை ஒன்றே பல ஆண்டு விவாதமாக இருந்தது. 28 ஆண்டுகள் பேசினார்கள்; பேச்சை முறித்துக்கொண்டு எழுந்து போகவில்லை.

இன்றோ திருமண்டலத் தேர்தல் முடியுமுன்னே வழக்குக் கட்டு தயாராகிறது. சகோதரர் ஒருவர்மேல் ஒருவர் வழக்காடுவதைக் கண்டித்துக் கொரிந்தியருக்குப் பவுல் எழுதியதை வாசித்துவிட்டு நேரே வக்கீல் வீட்டுக்குப் போகிறோம். ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும்: பிள்ளைகளுக்கு இழைத்த கொடுமையும் காணிக்கைப் பணத்தைக் கையாடியதும் குற்றங்கள். அவை காவல் நிலையத்துக்குப் போக வேண்டும். சமாதானத்தின் பேரில் அவற்றை மூடுவது தேவனுக்குக் கீழ்ப்படியாமை. நான் சொல்வது பதவிக்கும் மரியாதைக்கும் கல்லறை இடத்துக்கும் நடக்கும் சண்டைகளை.

சேகரக் கமிட்டி அங்கத்தினர்களே, அடுத்த புகார் மனுவில் கையெழுத்திடுமுன், அது யாருக்கு எதிரானதோ அவர் வீட்டுக்கு இரண்டு பேராய்ப் போங்கள். குற்றச்சாட்டை அவரிடமே சொல்லுங்கள். அவர் பேசி முடிக்கும்வரை கேளுங்கள். உங்கள் பங்கில் எதை விட்டுக்கொடுக்கப் போகிறீர்கள் என்பதை வீட்டிலிருந்து புறப்படும்போதே முடிவு செய்துகொண்டு போங்கள்.