அம்மம்மாவின் வயிற்றில் தொடங்கிய கதை

(நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



1995இல் ஜாம் போத்தல் விளக்கு வெளிச்சத்தில் நிறமூர்த்தங்களைக் கீறிப் பழகியவர்கள் நாங்கள். ஒக்ரோபர் 30இல் வலிகாமம் இடம்பெயர்ந்தபோது, எங்கள் வகுப்பில் சிலர் வல்லைவெளி தாண்டி வடமராட்சிக்கும், சிலர் நாவற்குழி தாண்டித் தென்மராட்சிக்கும் போனோம். கொப்பிகள் தொலைந்தன. ஊர் திரும்பிய பின் ஒடுக்கற்பிரிவைச் சோதனைக்காக மனனம் செய்தோம். அது எங்கள் வீட்டுக் கதை என்பது அப்போது விளங்கவில்லை.

எங்கள் உடற்கலங்களில் 46 நிறமூர்த்தங்கள். 1956இல்தான் இந்த எண்ணிக்கை உறுதியானது. முட்டையிலும் விந்திலும் 23 வீதம். அப்படிப் பாதியாக்கும் வேலையே ஒடுக்கற்பிரிவு. ஆண்களில் அது பூப்புக்காலத்தில் தொடங்கித் தொடர்ந்து நடக்கிறது. பெண்களிலோ பிறக்கும் முன்பே தொடங்கி, நடுவழியில் நின்றுவிடுகிறது. எங்களை உருவாக்கிய முட்டை, அம்மா அம்மம்மாவின் வயிற்றில் இருந்தபோதே அம்மாவின் சூலகத்தில் இருந்தது!

பிறக்கும்போது ஒரு பெண்பிள்ளையிடம் 10 முதல் 20 இலட்சம் முட்டைக் கலங்கள் இருக்கும். பெரியபிள்ளையாகும்போது மூன்று நான்கு இலட்சமே மிஞ்சும். வாழ்நாளில் வெளிவருபவை ஏறத்தாழ 400. மாதந்தோறும் கபச்சுரப்பியின் ஓமோன் கட்டளையிட, ஒரு முட்டை தன் முதற் பிரிவை முடிக்கிறது. இரண்டாம் பிரிவு விந்து சேர்ந்தால் மட்டுமே முடியும்.

அந்தக் காத்திருப்பு நீளநீள, நிறமூர்த்தச் சோடிகளைச் சேர்த்து வைத்திருக்கும் பிணைப்புத் தளர்கிறது. பிரியவேண்டியவை சிலவேளை சரியாகப் பிரியாமல் போகின்றன. 21ஆம் நிறமூர்த்தம் ஒன்று கூடினால் டவுன் நிலைமை. 1959இல் பிரான்சின் லெஜூன் குழுவினர் இதை வெளியிட்டனர். தாய்க்கு 25 வயதில் ஏறத்தாழ 1,250 பிறப்புக்கு ஒன்று, 40இல் 100க்கு ஒன்று. ஆனாலும் இளம் தாய்மாருக்கே பிள்ளைகள் அதிகம் பிறப்பதால், இந்தப் பிள்ளைகளிலும் பலர் அவர்களுக்கே பிறக்கிறார்கள்.

எங்கள் கிளினிக்குக்கு வரும் தாய்மாரிடம் ஊர் என்ன சொல்லி அனுப்புகிறது? "கிரகணத்தில் வெளியே போனாய்" என்கிறது. போரும் இடப்பெயர்வும் சீதனமும் எங்களில் பலரின் கலியாணத்தைத் தள்ளிப்போட்டன. பிறகு வயது போனதற்கும் பழி அவளுக்கே. கலப்பிரிவில் நேர்ந்த தவறு எவருடைய பாவமுமல்ல. அந்தப் பிள்ளைகளில் பாதிப்பேருக்கு இருதயக் குறை இருக்கலாம். பழி பேசும் நேரத்தில் இருதயம், தைரொயிட், காது மூன்றையும் பரிசோதிப்போம்.

இன்னொன்று. சாமத்தியவீடு எப்போது என்று அயல் கேட்கக் கேட்க, 15 வயதாகியும் பெரியபிள்ளையாகாத மகளை வீட்டுக்குள் மறைக்கும் தாய்மாரையும் காண்கிறோம். காரணங்கள் பல. அவற்றில் ஒன்று ஒரு எக்ஸ் நிறமூர்த்தம் இல்லாத ரேணர் நிலைமை. ஏறத்தாழ 2,500 பெண்பிள்ளைகளில் ஒருவருக்கு வரும். தாயின் வயதோடு அதற்குத் தொடர்பில்லை. நேரத்தோடு கண்டால் வளர்ச்சி ஓமோனால் உயரம் கூடும்; ஈஸ்திரஜனால் பருவமாற்றம் வரும், எலும்பும் காப்பாற்றப்படும். மறைத்த வருடங்களை எந்த மருந்தாலும் திருப்பித் தர முடியாது.

பெண்பிள்ளை மட்டும் பெற்றவளைக் குறைசொல்லும் வீடுகளும் இன்னும் உண்டு. பிள்ளை ஆணா பெண்ணா என்பதைத் தகப்பனின் விந்திலுள்ள எக்ஸ் அல்லது வை தீர்மானிக்கிறது. 1905இலேயே வண்டுகளை ஆராய்ந்து இதற்கு வழிகாட்டியவர் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற பெண்மணி.

தங்கைகளே, இந்தப் பாடத்தைச் சோதனையோடு மூடிவிடாதீர்கள். அம்மாவுக்கும் சித்திக்கும் பெரியம்மாவுக்கும் சொல்லிக் கொடுங்கள். ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கும் அக்காமாரே, ஊருக்குத் தொலைபேசி எடுக்கும்போது "மகள் பெரியபிள்ளையாகிவிட்டாளா?" என்று கேட்பதை விட்டு, "மகள் சுகமாக இருக்கிறாளா?" என்று கேட்போம்.

நூறு வருடங்களுக்கு முன் இங்கு எழுதப் பழகிய அம்மம்மாமாரின் தொடர்ச்சி நாங்கள். அறிவையும் அப்படியே கைமாற்றுவோம்.