பல்லுக்கும் ஈறுக்கும் பச்சைத் தேநீர்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஓய்வுபெற்ற பள்ளிப் பல் தாதி ஒருவர் ஆற்றிய உரை)

 

பல் தாதியை விழா மேடையில் ஏற்றிப் பேசச் சொல்வது வழக்கமில்லை. என்னைக் கண்டதும் முன்வரிசையில் இரண்டு பிள்ளைகள் கையால் வாயைப் பொத்திக்கொண்டதைக் கவனித்தேன். பயப்படாதீர்கள். இன்று என் கையில் ஊசியும் இல்லை, குறடும் இல்லை.

போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்த ஓர் அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டு கேட்டார்: "மிஸ்ஸி, கிரீன் டீ குடிச்சா பல்லு ஆடாதாம், ஈறு கெட்டியாகுமாம். வாட்சாப்புல வந்துச்சு. உண்மையா? அப்ப பிள்ளைங்க பல்லு விளக்காட்டியும் பரவால்லையா?" முதல் கேள்விக்கு, "கொஞ்சம் உண்மைதாம்மா" என்றேன். இரண்டாவது கேள்விக்குச் சோற்றுக் கையோடு பதில் சொல்ல முடியவில்லை. அந்தப் பதிலைத்தான் இங்கே சொல்ல வந்திருக்கிறேன்.

பச்சைத் தேநீர் என்றால் ஏதோ புதுச் செடி என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. கேமரன் மலையில் நம் தமிழ்ச் சனங்கள் கூடை சுமந்து கிள்ளிய அதே செடி, அதே கொழுந்து. 1929இல் ரசல் என்பவர் தொடங்கிய போ நிறுவனத்தின் தேயிலை நம் எல்லார் வீட்டு அலமாரியிலும் இருந்திருக்கும். கேமரனில் மட்டுமல்ல, நம் சிலாங்கூரிலேயே புக்கிட் சீடிங்கில் அவர்கள் தேயிலை பயிரிட்டார்கள். செடி ஒன்றுதான், பக்குவம்தான் வேறு. கறுப்புத் தேயிலைக்குக் கொழுந்தை வாட்டி, உருட்டி, காற்றுப்பட்டுக் கறுக்க விடுகிறார்கள். பச்சைத் தேயிலைக்குப் பறித்த கையோடு ஆவியிலோ சூடான சட்டியிலோ காட்டி, கறுக்காமல் நிறுத்திவிடுகிறார்கள். அதனால் இலையில் இருக்கும் துவர்ப்பு பெரும்பாலும் அப்படியே தங்கிவிடுகிறது.

அந்தத் துவர்ப்பில்தான் விஷயமே இருக்கிறது. அதற்குக் காரணமான பொருள்களுக்குக் கேட்டசின் என்று பெயர். வாயில் நுழையாத பெயர் என்று நினைக்காதீர்கள். பாட்டிமார்கள் வெற்றிலையில் வைத்து மெல்லும் காசுக்கட்டி இருக்கிறதே, ஆங்கிலத்தில் அதற்குக் கேட்டச்சு என்பார்கள். அதிலிருந்து பிறந்த பெயர்தான் கேட்டசின். பல்லுக்கு ஆலங்குச்சியும் வேலங்குச்சியும் நல்லவை என்று நம் முன்னோர் சொன்னதும் இந்தத் துவர்ப்பை நம்பித்தான். (இதைக் கேட்டுவிட்டு யாரும் வெற்றிலைப் பெட்டியைத் திறந்துவிட வேண்டாம். காசுக்கட்டியோடு சேரும் பாக்கு புற்றுநோய் தரும் பொருள் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு மையம் 2004ஆம் ஆண்டே முடிவு கட்டிவிட்டது. வாய்ப் புற்றுநோயில் இந்த நாட்டில் முன்னால் நிற்பது நம் இனம்தான்.)

இனி வாய்க்குள் நடப்பதைப் பார்ப்போம். பல்லின் மேல் ஒரு கிருமிக் கூட்டம் குடியிருக்கிறது. நாம் தின்னும் சீனியை அதுவும் தின்று அமிலமாக மாற்றுகிறது. சீனி வாயில் பட்ட சில நிமிடங்களில் பல்லின் மேற்பூச்சு கரையத் தொடங்குகிறது. எச்சில் அதைச் சரிக்கட்ட அரை மணி நேரம்கூட ஆகலாம். அதற்குள் இன்னொரு மிட்டாய் போட்டால் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அந்தக் கிருமி சீனியிலிருந்து ஒரு பசையும் செய்கிறது. அந்தப் பசையால்தான் பல்லில் அழுக்கு ஒட்டிக்கொள்கிறது. கேட்டசின் அந்தப் பசை தயாராவதைத் தடுக்கிறது, கிருமியின் வேகத்தையும் குறைக்கிறது. ஈற்றைத் தின்னும் கிருமிகள் வேறு வகை. அவை ஈற்றுச் சதையைக் கரைக்கப் பயன்படுத்தும் பொருள்களையும் இந்தத் துவர்ப்பு ஓரளவு அடக்குகிறது. வாய் நாற்றமும் சிறிது நேரத்துக்குக் குறையும்.

இவையெல்லாம் பரிசோதனைக் கூடத்தில் கண்டவை. மனிதர் வாயில் எப்படி? ஜப்பானியர் சீனி போடாமல் நாள் முழுதும் பச்சைத் தேநீர் குடிப்பவர்கள். அங்கே 49 முதல் 59 வயதுள்ள 940 ஆண்களின் ஈறுகளைச் சோதித்து 2009இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கூடுதலாகக் குடித்த ஒவ்வொரு கோப்பைக்கும் ஈற்றுப் பையின் ஆழம் சற்றுக் குறைவாக இருந்தது, தொட்டால் ரத்தம் கசிவதும் குறைவாக இருந்தது. மறு ஆண்டு ஒசாக்கி என்ற வட்டாரத்தில் 25,000 பேருக்கு மேல் விசாரித்ததில், தினமும் ஒரு கோப்பையாவது குடிப்பவர்களுக்கு 20 பல்லாவது மிஞ்சியிருக்கும் வாய்ப்பு கூடுதலாகத் தெரிந்தது.

கைதட்ட வேண்டாம், மீதியையும் கேளுங்கள். முதல் ஆய்வில் ஒரு கோப்பைக்குக் குறைந்த ஆழம் எவ்வளவு தெரியுமா? 0.023 மில்லிமீட்டர். ஒரு மில்லிமீட்டரை நாற்பது பங்காக்கினால் அதில் ஒரு பங்குகூட வராது. தேநீர் குடிக்கும் பழக்கமுள்ளவர்கள் மற்ற விஷயங்களிலும் ஒழுங்காக இருப்பவர்களாக இருக்கலாம். ஆகவே பலன் உண்டு, ஆனால் அது சிறு பலன். பிரஷ் செய்கிற வேலையைத் தேநீர் செய்யாது. பல்லும் ஈறும் சேரும் இடுக்கில் படிந்த அழுக்கைத் தேய்த்துத்தான் எடுக்க வேண்டும். புளோரைடு பற்பசையால் காலையில் ஒரு முறை, இரவில் படுக்குமுன் ஒரு முறை. நுரையைத் துப்பினால் போதும், தண்ணீர் ஊற்றி ஊற்றிக் கொப்புளித்தால் மருந்தும் போய்விடும்.

பிறகு ஏன் இதைப் பற்றி இவ்வளவு நேரம் பேசுகிறேன் என்று கேட்பீர்கள். காரணம், நம் வீட்டுத் தேத்தண்ணி.

பினாங்கில் 1949இல் தொடங்கிய பல் தாதியர் பயிற்சிப் பள்ளியில் படித்துவிட்டுக் கிள்ளான் பக்கம் வேலைக்கு வந்தேன். தோட்டத்துப் பள்ளிகளுக்கெல்லாம் போவோம். ஒரு நாள் ஒரு பாட்டி நாலு வயதுப் பேரனைத் தூக்கி வந்தார். மேல் வரிசையில் முன்பல் நாலும் கறுத்துக் குச்சியாய் நின்றன. "என்ன பாட்டி குடுக்கறீங்க?" என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல தாயி, மிட்டாய்கூட வாங்கித் தர்றதில்ல. போத்தல்ல தேத்தண்ணி ஊத்திக் குடுப்பேன், சப்பிக்கிட்டே தூங்கிருவான்" என்றார். பொய் சொல்லவில்லை. டின் பால் ஊற்றிய தேத்தண்ணி மிட்டாய்க் கணக்கில் சேரும் என்று அவருக்கு யாரும் சொன்னதில்லை. மகனும் மருமகளும் விடியுமுன் பால்மரம் வெட்டப் போய்விட, பிள்ளையை அழாமல் வைத்திருக்க அந்தப் பாட்டி கண்ட வழி அது. அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. இன்றும் வரவில்லை.

தோட்டம் போய்விட்டது, போத்தல் போகவில்லை. நாடு முழுதும் ஐந்து வயதுப் பிள்ளைகளைச் சோதித்தபோது 2005இல் நூற்றுக்கு 76.2 பேருக்குச் சொத்தைப் பல். 2015இல் 71.3 பேருக்கு. பத்து ஆண்டில் குறைந்தது ஐந்துகூட இல்லை.

டின் பாலில் ஏறக்குறைய பாதி சீனி. அதிலும் இப்போது கடையில் கிடைப்பதில் பல, பால்கூட இல்லை, செம்பனை எண்ணெய் சேர்த்த இனிப்புக் கிரீமர்தான். லேபிளைப் படித்துப் பாருங்கள். தே தாரேக் நல்ல ருசிதான், நானும் குடிப்பேன். ஆனால் இலையிலிருக்கும் துவர்ப்பைப் பாலில் உள்ள புரதம் பிடித்துக்கொள்கிறது, சீனி கிருமிக்குத் தீனியாகிறது. நல்லது செய்ய வந்த இலையைக் கட்டிப்போட்டுவிட்டு, கெடுதல் செய்வதைத் தாராளமாக ஊற்றுகிறோம்.

நம் ஆட்கள் மட்டும்தானா என்று கேட்டால், கிள்ளானில் பக்குத்தே கடைகளைப் பாருங்கள். மேசைக்குப் பக்கத்தில் கேத்தல் கொதித்துக்கொண்டே இருக்கும். கொழுப்பான சாப்பாட்டுக்கு வெறும் தேநீரை, சீனியே இல்லாமல், சின்னச் சின்ன மங்கில் ஊற்றி ஊற்றிக் குடிப்பார்கள். அது பெரும்பாலும் ஊலோங் போன்ற அரைப் பக்குவத் தேயிலை, பச்சைத் தேநீர் அல்ல, ஆனால் பழக்கம் அருமையான பழக்கம். சீனத்தில் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சூ தோங்போ என்ற கவிஞர், சாப்பிட்டதும் கெட்டித் தேநீரால் வாய் கொப்புளித்தால் பல் உறுதியாகும் என்று எழுதி வைத்திருக்கிறார். அதற்கு உயர்ந்த தேயிலை வேண்டியதில்லை, மட்டமானதே போதும் என்றும் சொல்லியிருக்கிறார். எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடித்துவிட்டது.

ஆகவே தாய்மார்களே, இருபது முப்பது வெள்ளி கொடுத்து வெளிநாட்டுப் பெட்டி வாங்க ஓட வேண்டாம். வீட்டில் இருக்கிற தூளிலேயே தே ஓ கோசோங் போட்டுக் குடித்தாலும் பாதி வழி வந்தாயிற்று. கறுப்புத் தேயிலையில் கேட்டசின் குறைவு, ஆனால் அது மாறி உண்டான மற்றத் துவர்ப்புப் பொருள்கள் இருக்கின்றன. தேயிலைச் செடி மண்ணிலிருந்து உறிஞ்சும் புளோரைடும் இருக்கிறது. கடையில் 'கிரீன் டீ' என்று எழுதிப் போத்தலில் விற்பதை மட்டும் நம்பிவிடாதீர்கள். பலவற்றில் சீனி இருக்கிறது. அரசாங்கம் 2019 ஜூலையில் சீனிப் பானங்களுக்கு வரி போட்டது சும்மா இல்லை.

சில எச்சரிக்கைகளும் உண்டு. சின்னப் பிள்ளைகளுக்குத் தேநீரே வேண்டாம், தண்ணீர் போதும். நம் குழாய்த் தண்ணீரில் அளவாகப் புளோரைடு கலந்தே வருகிறது. அதற்கு மேல் வளரும் பல்லில் சேர்ந்தால் வெள்ளைத் திட்டு விழலாம். இரத்தச் சோகை உள்ள பெண்கள் சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்காதீர்கள், கீரையில் உள்ள இரும்புச் சத்தை இந்தத் துவர்ப்பு பிடித்துக்கொள்ளும். ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். கொதிக்கக் கொதிக்கக் குடிக்காதீர்கள். பல்லில் கறை படியும், அது சொத்தை அல்ல, கிளினிக்கில் எடுத்துவிடலாம்.

கடைசியாகப் பெரியவர்களுக்கு ஒன்று. நீரிழிவு இந்த நாட்டில் நம்மவரிடம்தான் மிக அதிகம். நீரிழிவு இருந்தால் ஈறு சீக்கிரம் கெடும், ஈறு கெட்டால் இரத்தத்தில் சீனி அடங்காது. பல் விளக்கும்போது ரத்தம் வந்தால், "சூடு, அதான்" என்று விட்டுவிடாதீர்கள். ஈற்றைக் காட்டுங்கள், சீனியையும் சோதித்துப் பாருங்கள்.

விழா முடிந்ததும் பின்கட்டில் பசியாற ஏற்பாடு செய்திருக்கிறார்கள். இரண்டு பெரிய கேத்தல் இருக்கும். ஒன்றில் வழக்கமான பால் தேத்தண்ணி. மற்றதில் பச்சைத் தேநீர், ஒன்றும் போடாதது. பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரைத் தொந்தரவு செய்து நான்தான் வைக்கச் சொன்னேன். முதல் மடக்குக் கசக்கும். இரண்டாவது மங்கும் வாங்குகிறவர்கள் யார் யார் என்று அங்கேயே நின்று பார்க்கப் போகிறேன்.