உம்மாவின் கையில் இருந்த போன்

(அறக்கட்டளையின் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)





இந்தக் கூட்டத்துக்கு எங்களை அழைத்தபோது நிர்வாகிகள் ஒரு காரணம் சொன்னார்கள். "களக்காட்டிலேயே அதிகமா போன் மாத்தினது நீங்க அண்ணன் தம்பி ரெண்டு பேரும்தான். அதைப் பத்தியே பேசுங்க" என்றார்கள். அது பாராட்டா, குத்தலா என்று நாங்கள் கேட்கவில்லை. உண்மை என்பதால் வாயை மூடிக்கொண்டு ஒப்புக்கொண்டோம்.

எங்கள் வீட்டுக்கு வந்த முதல் போன் நோக்கியா 1100. வாப்பா தம்மாமிலிருந்து விடுமுறையில் வந்தபோது கொண்டுவந்தது. பேசலாம், எஸ்எம்எஸ் அனுப்பலாம், கரண்ட் போனால் டார்ச் அடிக்கலாம். வேறு பெரிதாக எதுவும் கிடையாது. கீழே விழுந்தால் பேட்டரி ஒரு பக்கம், மூடி ஒரு பக்கம் கிடக்கும். பொறுக்கி மாட்டினால் மறுபடியும் பேசும். அதற்கு அப்டேட் என்று ஒன்றும் கிடையாது. அதில் திருடுவதற்கும் ஒன்றும் கிடையாது.

2014 பிப்ரவரியில் மோட்டோ ஜி இந்தியாவுக்கு வந்தது. கடையில் கிடைக்காது, இணையத்தில் மட்டும்தான். பணம் சேர்த்து ஆர்டர் போட்டோம். கூரியர்காரர் நாங்குநேரியிலிருந்து போன் செய்து, "களக்காட்டுக்கு இன்னைக்கு வண்டி இல்ல" என்றார். நாளை வரை பொறுக்க முடியாமல் பஸ் ஏறிப் போய் வாங்கி வந்தோம். அன்று பிடித்தது அந்தப் பைத்தியம். புது ஆண்ட்ராய்டு வருகிறது என்றால் இஷாவுக்குப் பிறகு இருவரும் போனைச் சார்ஜில் போட்டு முன்னால் உட்கார்ந்திருப்போம். 2016 செப்டம்பரில் ஜியோ வந்து டேட்டா மலிவான பிறகு கேட்கவே வேண்டாம். சமீபத்தில் ஒரு நோட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தோம். இருவருமாக வாங்கிய போன்கள் 14. அதில் கெட்டுப்போனதால் மாற்றியது 3. மற்ற 11 போனும் ஓடிக்கொண்டிருந்தபோதே மாற்றியவை.

அந்த 11 போன்களில் பாதிக்கு மேல் "ஜீரோ வட்டி இஎம்ஐ"யில் வாங்கியவை. வட்டி இல்லை என்று கடையில் சொன்னார்கள், நாங்களும் மனதைத் தேற்றிக்கொண்டோம். ஒரு நாள் கிரெடிட் கார்டு பில்லை வரி வரியாகப் படித்தபோதுதான் விஷயம் புரிந்தது. வட்டி என்று தனியாக ஒரு வரி, அந்த வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி என்று இன்னொரு வரி. வங்கி வட்டி போடத்தான் செய்கிறது. அந்தத் தொகையை விற்பவர் விலையில் முன்கூட்டியே தள்ளுபடியாகக் கழிக்கிறார், அவ்வளவுதான். ஜீரோ வட்டி என்று உண்மையில் ஒன்று கிடையாது என்பதை ரிசர்வ் வங்கியே 2013 செப்டம்பரில் வங்கிகளுக்கு எழுதியிருக்கிறது. இதன் மார்க்கச் சட்டத்தை ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அதைச் சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை. பில்லை முழுதாகப் படிக்காமல் கையெழுத்துப் போட்டோம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறோம்.

சரி, ஓடிக்கொண்டிருந்த அந்தப் பழைய போன்கள் எங்கே போயின? இன்று பேச வந்தது அதைத்தான்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் இருந்தது. புது போன் எங்களுக்கு. எங்கள் பழைய போன் லாத்தாவுக்கு. லாத்தாவின் பழைய போன் உம்மாவுக்கு. "அவங்களுக்கு வாட்ஸ்அப் ஓடினா போதும்" என்பது எங்கள் தீர்ப்பு. உம்மாவும் ஒரு நாளும் குறை சொன்னதில்லை. உங்கள் வீடுகளிலும் அநேகமாக இப்படித்தான் இருக்கும்.

ஆனால் வாப்பா அனுப்பும் பணம் உம்மாவின் கணக்குக்குத்தான் வரும். அந்தக் கணக்கோடு இணைந்திருந்த நம்பர் உம்மாவின் நம்பர். ஓடிபி வருவது உம்மாவின் போனுக்கு. அதாவது, வீட்டின் பணப்பெட்டிச் சாவி முழுவதும் எங்கள் வீட்டிலேயே பழைய போனில் இருந்தது. எங்கள் கையிலிருந்த புது போன்களில் இருந்தது கிரிக்கெட்டும் கேமும்.

2024ல் ஒரு நாள், உறவுக்காரர் ஒருவரின் நம்பரிலிருந்து உம்மாவுக்கு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. உங்கள் வங்கிக் கணக்கு இன்று இரவோடு முடக்கப்படும், உடனே புதுப்பிக்கவும் என்று எழுதி, கீழே ஒரு ஃபைல். அந்த உறவினரின் வாட்ஸ்அப் ஏற்கெனவே திருடர் கையில் போயிருந்தது அவருக்கே தெரியாது. தெரிந்தவர் அனுப்பியதாயிற்றே என்று உம்மா தொட்டார்கள். அது ஏபிகே ஃபைல். நேராகப் போனில் ஏறியது. எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்டது, கொடுத்தார்கள். ஏடிஎம் கார்டு விவரம் கேட்டது, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு எண்ணாகப் பார்த்துப் போட்டார்கள். அன்று அஸருக்கும் மஃரிபுக்கும் இடையில் 48,000 ரூபாய் போய்விட்டது. வந்த ஓடிபி எதையும் உம்மா பார்க்கவில்லை. அந்தச் செயலியே படித்து அனுப்பிவிட்டது. லாத்தா மகளின் கல்லூரிக் கட்டணத்துக்காகச் சேர்த்து வைத்த பணம் அது.

ராத்திரி உம்மா எங்களிடம் சொன்ன முதல் வார்த்தை, "நான்தான் படிக்காதவ, தப்புப் பண்ணிட்டேன்" என்பது. அந்தப் போனை வாங்கிப் பார்த்தோம். தப்பு யாருடையது என்று அப்போது தெரிந்தது.

2017ல் நாங்கள் வாங்கிய போன் அது. ஆண்ட்ராய்டு 7. செட்டிங்ஸில் 'அபௌட் போன்' போய்ப் பார்த்தால், கடைசிப் பாதுகாப்பு அப்டேட் 2018 நவம்பர் என்று இருந்தது. அதற்குப் பிறகு ஐந்து வருஷத்துக்கு மேலாக அந்தப் போனை யாரும் கவனிக்கவில்லை. இன்னொன்றும் கண்டோம். பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து செயலி ஏற்ற விடலாமா என்று ஒரு சுவிட்ச் உண்டு. ஆண்ட்ராய்டு 7 வரை அது மொத்தப் போனுக்கும் ஒரே சுவிட்ச். ஒரு முறை திறந்துவிட்டால் திறந்தபடியே கிடக்கும். ஆண்ட்ராய்டு 8 முதல்தான் ஒவ்வொரு செயலிக்கும் தனித்தனியாக அனுமதி கேட்கிறது. உம்மாவின் போனில் அந்த சுவிட்ச் திறந்து கிடந்தது. திறந்தது யார்? நாங்கள்தான். காசு கொடுத்து வாங்க வேண்டிய ஒரு விளையாட்டை ஓசியில் இறக்குவதற்காக 2017ல் திறந்தோம். மூட மறந்தோம். அப்படியே லாத்தாவுக்குக் கொடுத்து, அது உம்மாவிடம் வந்து சேர்ந்தது.

நேர்மையாகச் சொல்ல வேண்டும். புது போனாக இருந்திருந்தால் இந்த ஏமாற்று நடந்தே இருக்காது என்று சொல்ல முடியாது. கார்டு விவரத்தைக் கொடுத்துவிட்டால் எந்தப் போனும் ஆபத்துதான். ஆனால் புதிய ஆண்ட்ராய்டு இடையில் ஒன்றுக்கு இரண்டாகக் கதவு போட்டு, "இது எங்கிருந்து வந்தது தெரியுமா?" என்று கேட்டிருக்கும். உம்மா பயந்து எங்களைக் கூப்பிட்டிருப்பார்கள். அந்தக் கேள்வியைக் கேட்க அவர்கள் போனில் ஒன்றும் இல்லை.

அன்றிரவே 1930க்கு அழைத்தோம். இது இணையப் பண மோசடிக்கான அரசு உதவி எண். இதை எல்லோரும் போனில் பதிந்து வையுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து அடுத்த கணக்குக்கு ஓடுவதற்குள் நிறுத்தி வைக்க வேண்டும், அதனால் ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். வங்கிக்கும் உடனே சொல்லி ஒப்புகை எண் வாங்க வேண்டும். 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட உத்தரவுப்படி, நாம் வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. எங்களுக்கு 19,000 ரூபாய் நிறுத்தி வைக்கப்பட்டு, சில மாதம் அலைந்து, நீதிமன்ற உத்தரவுக்குப் பின் திரும்பி வந்தது. மீதி 29,000 வரவில்லை. பிள்ளையின் கட்டணத்துக்கு எங்கள் புது போன்கள் இரண்டையும் விற்றோம்.

அப்டேட் என்றால் என்ன என்று தாய்மார்கள் கேட்பீர்கள். மலையடிவாரத்தில் வாழை போட்டவர்களுக்கு இது எளிதில் புரியும். வேலி ஒரு தடவை கட்டினால் வேலை முடிந்ததா? காட்டுப்பன்றி எங்கே சந்து கிடைக்கும் என்று ராத்திரி முழுவதும் சுற்றும். காலையில் போய்ப் பார்த்து, புகுந்த சந்தை அடைக்க வேண்டும். போனும் அப்படித்தான். திருடர்கள் மாதாமாதம் புதுச் சந்து கண்டுபிடிக்கிறார்கள். 2015 ஆகஸ்டில் கூகுள் அந்தச் சந்துகளுக்கு மாதாமாதம் அடைப்பு வெளியிடத் தொடங்கியது. அதை நம் போனுக்கு அனுப்ப வேண்டியது போன் கம்பெனி. சில வருஷம் அனுப்புவார்கள், பிறகு நிறுத்திவிடுவார்கள். வேலி கட்டியவர் இனி வரமாட்டேன் என்று போன பிறகும் தோட்டம் பச்சையாகத்தான் தெரியும். வாட்ஸ்அப் ஓடும், படம் ஓடும். போனுக்கு உயிர் இருக்கிறது, காவல் இல்லை.

அதனால் போன் வாங்கப் போகும்போது கேமரா எத்தனை என்று கேட்பதற்கு முன்னால், "பாதுகாப்பு அப்டேட் எத்தனை வருஷம்?" என்று கேளுங்கள். 2023ல் வந்த கூகுள் பிக்சல் 8க்கும், 2024ல் வந்த சாம்சங் எஸ் 24க்கும் 7 வருஷம் என்று அறிவித்தார்கள். அவை விலை கூடியவை. விலை குறைந்த சாம்சங் ஏ 16 5ஜிக்கு 6 வருஷம் என்றார்கள். 2013ல் வந்த ஐபோன் 5எஸ்ஸுக்கு 2023 ஜனவரியில்கூடப் பாதுகாப்புத் திருத்தம் வந்தது. ஐரோப்பிய நாடுகளில் 2025 ஜூன் 20 முதல் இது சட்டமே ஆகிவிட்டது. ஒரு மாடலின் விற்பனையை நிறுத்திய பிறகும் குறைந்தது 5 வருஷம் அப்டேட் தர வேண்டும். நம் ஊரில் கேட்டு வாங்க வேண்டியது நாம்தான்.

இதில் நாங்கள் ஏமாந்த இடம் ஒன்று உண்டு. இந்த வருஷக் கணக்கு நீங்கள் வாங்கிய நாளிலிருந்து ஓடுவதில்லை, அந்த மாடல் சந்தைக்கு வந்த நாளிலிருந்து ஓடுகிறது. 4 வருஷம் என்று சொன்ன மாடலை, வந்து இரண்டு வருஷம் கழித்துத் தள்ளுபடியில் வாங்கினால், உங்களுக்கு மிச்சம் 2 வருஷம்தான். பெருநாள் தள்ளுபடியில் 3,000 குறைத்து வாங்கினோம் என்று சந்தோஷப்படுவோம். பாதி ஆயுள் கடை அலமாரியிலேயே முடிந்திருக்கும்.

"அப்டேட் போட்டா போன் ஸ்லோ ஆயிடும்" என்று சிலர் போடாமலே வைத்திருக்கிறார்கள். அந்தப் பயம் முழுக்கப் பொய்யில்லை. பேட்டரி தேய்ந்த பழைய ஐபோன்களின் வேகத்தை அப்டேட் மூலம் குறைத்ததை ஆப்பிள் நிறுவனமே 2017 டிசம்பரில் ஒப்புக்கொண்டு, குறைந்த விலையில் பேட்டரி மாற்றிக் கொடுத்தது. அங்கே நோய் பேட்டரியில் இருந்தது. போன் தளர்ந்தால் முதலில் பேட்டரியை மாற்றுங்கள், வேண்டாத வீடியோக்களை அழித்து இடம் கொடுங்கள். சில ஆயிரத்தில் முடியும் காரியத்துக்குப் புது போன் வாங்கி விரயம் செய்ய வேண்டியதில்லை. அப்டேட் போடும்போது படங்களுக்கு ஒரு பிரதி எடுத்துவிட்டு, பாதிக்கு மேல் சார்ஜ் வைத்து, வைஃபையில் போடுங்கள். ஒன்று மட்டும் மறக்க வேண்டாம். உண்மையான அப்டேட் செட்டிங்ஸிலும் பிளே ஸ்டோரிலும்தான் வரும். வாட்ஸ்அப்பில் "புதுப்பிக்கவும்" என்று யார் அனுப்பினாலும், வாப்பா நம்பரிலிருந்தே வந்தாலும், தொடாதீர்கள். முதலில் அவரைக் கூப்பிட்டுக் கேளுங்கள்.

இப்போது எங்கள் வீட்டில் வழக்கத்தைத் திருப்பிவிட்டோம். அப்டேட் நிறைய வருஷம் வரும் போன் உம்மாவுக்கு. ரொக்கம் சேர்த்து வாங்கினோம், அதற்கு எட்டு மாதம் ஆனது. உம்மா விட்ட பிறகுதான் எங்களுக்கு. காவல் முடிந்த போன்கள் இரண்டு வீட்டில் இருக்கின்றன. அவற்றில் சிம் இல்லை, வங்கி இல்லை, முழுக்க அழித்துவிட்டோம். ஒன்றில் பிள்ளைகள் கிராஅத் கேட்கிறார்கள், இன்னொன்று அலாரத்துக்கு. உம்மா மட்டும் இன்னும் ஏதாவது மெசேஜ் வந்தால் போனைத் தூரமாகப் பிடித்துக்கொண்டு, "வாப்பா, இதைத் தொடலாமா?" என்று எங்களைக் கேட்கிறார்கள். அந்தக் கேள்வியைக் கேட்கும்போதெல்லாம் எங்களுக்கு வெட்கமாக இருக்கிறது.

ஒரே ஒரு வேண்டுகோள். இன்று வீட்டுக்குப் போனதும் உங்கள் போனைப் பார்க்க வேண்டாம். வீட்டில் மிகப் பழைய போன் யார் கையில் இருக்கிறதோ அதை வாங்கி, 'அபௌட் போன்' திறந்து, பாதுகாப்பு அப்டேட் தேதியைப் பாருங்கள். ஒரு வருஷத்துக்கு மேல் பழையதாக இருந்தால், அந்தப் போனிலிருந்து வங்கி நம்பரை எடுத்துவிடுங்கள். எப்படி என்று தெரியாதவர்கள் ஞாயிற்றுக்கிழமை அஸருக்குப் பின் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். நாங்கள் இருவரும் இருப்போம், இன்ஷா அல்லாஹ். காசு வேண்டாம். தாய்மார்கள் மகனையோ மகளையோ கூட்டி வந்தால் நல்லது, பார்த்துக்கொள்ள வேண்டியவர்கள் அவர்கள்தானே.

பெற்றோர் நம்மிடம் அமானிதம். அவர்கள் கையில் நாம் கொடுக்கும் பொருளும் அப்படித்தான். அதில் பொறுப்போடு நடக்கும் பாக்கியத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தருவானாக, ஆமீன்.

வஸ்ஸலாம்.