பிரிந்த பின் நிற்கும் விதிகள்



பத்தாம் ஆண்டு விழாவில் பேச அழைத்த செயலாளர், தலைப்பை என் விருப்பத்திற்கே விட்டுவிட்டார். பிரிவு என்னும் பொருளில் பேசுகிறேன் என்றதும் பாலைத்திணை என்று நினைத்து மகிழ்ந்தார். அவருடைய மகிழ்ச்சியைக் கெடுப்பதற்கு மன்னிக்க வேண்டும். நான் பேச வந்தது தலைவன் தலைவியைப் பிரிவதைப் பற்றியன்று. ஒரு நாடு, தான் இருந்த பெரிய கூட்டிலிருந்து விலகிய பிறகும், அதன் பக்கத்திலேயே குடியிருக்க வேண்டியிருக்கிறது. அப்போது பழைய வீட்டின் விதிகள் என்ன ஆகின்றன, புதியவற்றை யார் எழுதுகிறார்கள் என்பதே என் பொருள்.

இது பொருளியல் மன்றத்துக்குரிய பேச்சு அல்லவா என்று சிலர் எண்ணக்கூடும். பெரம்பலூர், அரியலூர்க்காரர்களாகிய நமக்கு இது அவ்வளவு அந்நியமான செய்தியன்று. 1995இல் பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. 2001 ஜனவரி 1 அன்று அதிலிருந்து அரியலூர் பிரிந்தது. பதினைந்து மாதம் கழித்து, 2002 மார்ச் 31 அன்று, மீண்டும் பெரம்பலூரோடு சேர்க்கப்பட்டது. 2007 நவம்பர் 23 அன்று மறுபடியும் பிரிந்தது. ஒரே தலைமுறையில் ஓர் ஊர்க்காரர் வீட்டை விட்டு அசையாமலே நான்கு முறை மாவட்டம் மாறியிருக்கிறார். வண்டியின் எண்பலகையில் இன்று டி.என். 46 என்றும் டி.என். 61 என்றும் வேறுபாடு தெரிகிறது. ஆனால் வாக்குச்சாவடிக்குப் போனால் கதை வேறு. குன்னம் சட்டமன்றத் தொகுதி பெரம்பலூர் மாவட்டத்துக் குன்னத்தையும் அரியலூர் மாவட்டத்துச் செந்துறையையும் ஒன்றாகக் கட்டியிருக்கிறது. நாடாளுமன்றத் தேர்தலில் அத்தொகுதி, அரியலூர், ஜெயங்கொண்டம் ஆகிய மூன்றும் சிதம்பரத்தோடு போகின்றன. எல்லைக்கோடு ஒன்று சொல்கிறது, வாக்காளர் பட்டியல் வேறொன்று சொல்கிறது. பிரிவு என்பது ஒரே வெட்டில் முடிகிற காரியமன்று என்பதை நாம் ஏட்டில் படித்து அறிய வேண்டியதில்லை.

மாவட்டங்கள் பிரிந்தாலும் மேலே ஒரே மாநில அரசு இருக்கிறது. ஆகையால் நம் பிரிவில் எவர் சோற்றிலும் மண் விழவில்லை. நாடுகள் பிரியும்போது அப்படி ஒரு பொதுத்தாய் இருப்பதில்லை. அதற்குத் தமிழர்கள் நெருங்கி அனுபவித்த எடுத்துக்காட்டு பர்மா.

1824இல் தொடங்கிய மூன்று போர்களில் ஆங்கிலேயர் பர்மாவை விழுங்கி, 1886இல் முழுநாட்டையும் இந்தியாவின் ஒரு மாகாணமாக்கினார்கள். ஆகவே தமிழ்நாட்டுக் கூலிக்காரருக்கு ரங்கூன் என்பது வெளிநாடாக இருக்கவில்லை. கடவுச்சீட்டு கிடையாது, அனுமதி கிடையாது. கப்பலின் மேல்தளத்தில் ஓரிடம் கிடைத்தால் போதும். 1931ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி பர்மாவில் இந்தியர் தொகை பத்து லட்சத்துக்கு மேல். ரங்கூன் நகரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இந்தியர்கள். நகரத்தார் கீழ்ப் பர்மாவின் நெல் வயல்களுக்குக் கடன் கொடுத்தார்கள். 1930இல் உலகப் பொருளாதார மந்தம் வந்து நெல் விலை வீழ்ந்தது. கடனைத் திருப்ப முடியாத குடியானவர்களின் நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தது. முதன்மையான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் நூற்றுக்கு ஆறு பங்கு நிலம் செட்டியார்களிடம் இருந்தது. 1938இல் அது நூற்றுக்கு இருபத்தைந்தாயிற்று. செட்டியார்கள் நிலத்தை விரும்பவில்லை, பணத்தையே விரும்பினார்கள் என்று நம்மவர்கள் சொல்வது உண்மைதான். ஆனால் நிலத்தை இழந்து நிற்கும் பர்மியக் குடியானவனுக்கு அந்த நுட்பம் என்ன ஆறுதல் தரும்? அவனுடைய கோபத்தை வெறும் இனவெறி என்று தள்ளிவிடுகிற நம் பழைய வழக்கத்தோடு எனக்கு உடன்பாடில்லை.

பர்மாவை இந்தியாவிலிருந்து பிரிக்க வேண்டும் என்று சைமன் குழு 1930இல் பரிந்துரைத்தது. இங்கே ஒரு விந்தை. 1932 தேர்தலில் பிரிவினையை எதிர்த்த கட்சிகளே வென்றன. அவர்கள் இந்தியாவோடு நிலையாக இருக்க விரும்பியவர்கள் என்று எண்ணிவிடக்கூடாது. தாங்கள் வேண்டும்போது விலகிக்கொள்ளும் உரிமையோடு கூட்டாட்சியில் இருப்போம் என்றார்கள். பிறர் பிரித்து அனுப்புவதற்கும் தானே பிரிவதற்கும் உள்ள வேறுபாட்டை அவர்கள் உணர்ந்திருந்தார்கள். இலண்டன் அதைக் கேட்கவில்லை. 1935ஆம் ஆண்டுச் சட்டப்படி 1937 ஏப்ரல் 1 அன்று பர்மா தனி நாடாக்கப்பட்டது.

அன்றைய தினம் உண்மையில் மாறியவை எவை? தபால் தலை மாறியது. அதாவது, இந்தியத் தலையின் மீதே பர்மா என்று ஓர் எழுத்து அடித்தார்கள். பணம் மாறியது, அதாவது, இந்திய ரூபாய்த் தாளின் மீதே, பர்மாவில் மட்டும் செல்லும் என்று அச்சடித்தார்கள். அந்தத் தாளை வெளியிட்டது யார்? நம் ரிசர்வ் வங்கிதான். ஜப்பானியர் ஆண்ட ஆண்டுகள் நீங்கலாக, 1947 வரை அவ்வங்கியே பர்மாவின் மைய வங்கியாகவும் இருந்தது. பிரிந்த நாட்டின் பணத்தைப் பிரிந்துவந்த வீட்டின் வங்கியே பத்தாண்டுக் காலம் அச்சிட்டது. பம்பாயில் எடுக்கப்படும் முடிவுக்கு ரங்கூன் கட்டுப்பட வேண்டும். முடிவெடுப்பதில் பங்கு மட்டும் சிறிதே.

வணிகத்திலும் அப்படித்தான். பர்மா அன்று உலகிலேயே மிகுதியாக அரிசி ஏற்றுமதி செய்த நாடு. அதை மிகுதியாக வாங்கியது இந்தியா. பர்மாவிலிருந்து அரிசியும் தேக்கும் மண்ணெண்ணெயும் வர, இங்கிருந்து துணி போயிற்று. எல்லையில் சுங்கச்சாவடி முளைத்தால் இரு பக்கமும் சந்தை படுத்துவிடும். ஆகவே, மூன்று ஆண்டுகளுக்குப் பழையபடியே வரியின்றிப் பொருள்கள் போய்வரலாம் என்று ஓர் ஆணை பிறப்பித்தார்கள். ஆட்கள் போய்வருவதற்கும் அதேபோல ஓர் ஆணை. இடைக்கால ஏற்பாடு என்பது இதுதான். இடைக்காலம் என்னும் சொல்லுக்குள் ஒரு மயக்கம் இருக்கிறது: எதுவும் மாறவில்லை என்று சாதாரண மனிதனை அது நம்பவைக்கிறது. 1937க்குப் பிறகு கப்பலேறிய கூலிக்காரன், தான் இப்போது அந்நியன் என்பதை அறியாமலே கப்பலேறினான்.

1938 ஜூலையில் ரங்கூனில் கலகம் மூண்டது. அதற்கு உடனடிக் காரணமாகச் சொல்லப்பட்டது ஒரு நூலின் மறுபதிப்பு, அதிலிருந்த சமய நிந்தனை வரிகள். எழுதுகிறவர்கள் கூடியிருக்கும் இந்த அவையில் அதைச் சொல்லாமல் போக முடியவில்லை. நிலமும் கூலியும் கடனும் கூடி உலர்ந்து கிடந்த வைக்கோற்போருக்கு ஒரு நூல் தீக்குச்சியாயிற்று. பிறகு இந்தியர் குடியேற்றத்தைப் பற்றி ஆராய ஜேம்ஸ் பாக்ஸ்டர் நியமிக்கப்பட்டார். அவருடைய அறிக்கையை ஒட்டி 1941இல் இந்தியா, பர்மா குடியேற்ற உடன்படிக்கை வந்தது. இனிமேல் கடவுச்சீட்டு, அனுமதிச்சீட்டு, அதிலும் நிலையாகத் தங்குவோருக்கு ஒன்று, கூலிக்குப் போவோருக்குக் காலவரையறையோடு ஒன்று. இந்தியத் தரப்பில் பேசியவர் கிரிஜா சங்கர் பாஜ்பாய். பர்மாவில் அப்போது ஊ ஸாவின் அமைச்சரவை. காந்தியடிகள் உடன்படிக்கையைக் கண்டித்து அறிக்கை விட்டார். சென்னையிலும் கடுமையான எதிர்ப்பு. என்னைக் கேட்டால், கட்டுப்பாடு வேண்டும் என்று பர்மா கேட்டதில் தவறில்லை; எந்த நாட்டுக்கும் அந்த உரிமை உண்டு. தவறு வேறிடத்தில் இருக்கிறது. மேசையின் இருபுறமும் உட்கார்ந்தவர்கள் அதிகாரிகளும் அமைச்சர்களும். இருபுறத்துக்கும் மேலே இலண்டன். நெல் மூட்டை சுமந்தவனும், வயலில் நாற்று நட்டவளும், நிலம் இழந்த பர்மியனும் அந்த அறைக்குள் இல்லை. அவர்களைப் பற்றியே பேசினார்கள், அவர்களோடு பேசவில்லை.

அந்த உடன்படிக்கையின் மை உலர்வதற்குள், 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன் மீது ஜப்பானியரின் குண்டுகள் விழுந்தன. லட்சக்கணக்கானோர் காட்டுவழியே நடந்து இந்தியா வந்தார்கள். வழியில் மாண்டவர் பல்லாயிரவர். அவ்வாறு நடந்து வந்தவர்களில் ஒருவர் வெ. சாமிநாத சர்மா. ரங்கூனிலிருந்து அவர் நடத்திய ஜோதி என்னும் தமிழ் மாத இதழ் தொடங்கிய ஆண்டு 1937. நாடு பிரிந்த ஆண்டும் அதுவே. இதழ் 1942இல் நின்றது. உலக அரசியலைத் தமிழில் எழுதிக்காட்டிய அந்த மனிதர், தம் காலின் கீழேயே நிலம் வேறு நாடாகிக்கொண்டிருந்த இடத்தில் உட்கார்ந்துதான் எழுதினார். ஜோதியின் பழைய இதழ்களை அந்தக் கோணத்தில் யாரேனும் ஆராய வேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை.

இனி மேற்கே ஒரு நோக்கு. நம்மைப் பிரித்துப் பிரித்து ஆண்ட நாடே அண்மையில் ஒரு கூட்டிலிருந்து பிரிந்தது. 2016 ஜூன் 23 வாக்கெடுப்பில் நூற்றுக்கு 51.9 பேர் பிரிவுக்கு வாக்களிக்க, 2020 ஜனவரி 31 அன்று பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறியது. அங்கும் ஓர் இடைக்காலம்; அவ்வாண்டு முடியும்வரை பழைய விதிகளே. வெளியேறச் சொன்னவர்களின் முழக்கம், நம் விதியை நாமே எழுதுவோம் என்பது. அந்த முழக்கத்தை நான் இகழமாட்டேன். விடுதலைக்குப் போராடிய நாட்டிலிருந்து கொண்டு அதை இகழவும் முடியாது. ஆனால் எழுத உட்கார்ந்தபோது நடந்ததைப் பாருங்கள்.

நம் ஊர் சிமெண்டு மூட்டையில் ஐ.எஸ்.ஐ. முத்திரை இருப்பதுபோல, ஐரோப்பாவில் விற்கும் பல பொருள்களின் மேல் சி.இ. என்றொரு முத்திரை இருக்கும். பிரிட்டன் தனக்கென்று யு.கே.சி.ஏ. என்னும் முத்திரையை 2021இல் கொண்டுவந்தது. இரண்டு சந்தைக்கும் பொருள் செய்கிற ஆலைக்காரர் இரண்டு முறை சோதனைக்குப் பணம் கட்ட வேண்டும். பெரிய சந்தை எது என்று அவருக்குத் தெரியும். கட்டாயமாக்கும் நாள் தள்ளித் தள்ளிப் போடப்பட்டது. 2023 ஆகஸ்டில், பெரும்பாலான பொருள்களுக்குப் பழைய சி.இ. முத்திரையைக் காலவரையின்றி ஏற்றுக்கொள்வதாக அரசே அறிவித்தது. ஒன்றியத்திலிருந்து வந்த சட்டங்களை 2023 முடிவுக்குள் ஒட்டுமொத்தமாகக் காலாவதியாக்குவது என்று முதலில் திட்டமிட்டார்கள். பின்பு ஏறத்தாழ 600 சட்டங்களோடு நிறுத்திக்கொண்டார்கள். வட அயர்லாந்தின் நிலை இன்னும் விந்தையானது. அது பிரிட்டனின் பகுதி; ஆனால் தெற்கே அயர்லாந்துக் குடியரசோடு வேலியில்லாத எல்லை வேண்டும் என்பதற்காக, பொருள்களைப் பொறுத்தவரை ஒன்றியத்தின் விதிகள் பலவற்றைப் பின்பற்றுகிறது. குன்னம் தொகுதியை அறிந்த நமக்கு அது சட்டென்று விளங்கும்.

2025 மே 19 அன்று இலண்டனில் நடந்த மாநாட்டில், உணவுப்பொருள், கால்நடை, பயிர்ப் பாதுகாப்பு விதிகளில் ஒன்றியம் மாறமாறத் தானும் மாறிக்கொள்ளும் ஓர் உடன்பாட்டை நோக்கிச் செல்ல பிரிட்டன் இசைந்தது. விதி உருவாகும்போது கருத்துச் சொல்லலாம். வாக்கு மட்டும் இல்லை. நார்வே 1994 முதலே அந்த நிலையில்தான் இருக்கிறது. சிறியது பெரியதன் அருகில் வாழ்வதற்குக் கொடுக்கும் விலை அது. அந்த விலை ஒரு மீனவனுக்கும் மாட்டுப்பண்ணைக்காரனுக்கும் சில சமயம் இலாபமாகவே முடியலாம். கப்பல் துறையில் சான்றிதழுக்குக் காத்திருந்து கெட்டுப்போகும் இறைச்சியைவிட, பிறர் எழுதிய விதி மேலானது என்று அவன் சொன்னால் அவனை அடிமை என்று பழிக்க எனக்கு நா எழவில்லை. 1937இல் பர்மியனிடமும் தமிழனிடமும் எவரும் கேட்கவில்லை. 2016இல் பிரிட்டானியனிடம் ஒரு கேள்வியாவது கேட்டார்கள். பிரிந்த பின் எப்படி வாழ்வது என்ற இரண்டாவது கேள்வியை வாக்குச்சீட்டில் அச்சடிக்கவில்லை.

மீண்டும் பர்மாவுக்கு வருகிறேன். 1948 ஜனவரி 4 அன்று அது விடுதலை பெற்றது. அவ்வாண்டே நில நாட்டுடைமைச் சட்டம் வந்தது. 1964இல் கடைகளும் வணிகமும் நாட்டுடைமையாயின. ஐம்பது, நூறு கியாட் தாள்கள் செல்லாதவையாயின. வெறுங்கையோடு கப்பலேறியவர்கள் பெயரால் சென்னையில் பர்மா பஜாரும், தமிழ்நாட்டின் பல ஊர்களில் பர்மா காலனியும் இருக்கின்றன. மக்கள் வந்துவிட்டார்கள். சட்டம் வரவில்லை. மெக்காலே வரைந்த இந்தியத் தண்டனைச் சட்டம், 1860ஆம் ஆண்டின் 45ஆம் சட்டம், மியான்மரின் தண்டனைச் சட்டமாக அங்கேயே தங்கிவிட்டது. அதன் தலைப்பில் இந்தியச் சட்டம் என்ற குறிப்பு இன்றும் அடைப்புக்குறிக்குள் நிற்கிறது. நாமோ 2024 ஜூலை 1 முதல் அதை விலக்கிவிட்டு வேறொரு சட்டத்தை நடைமுறைப்படுத்தியிருக்கிறோம். கொடுத்தவன் கைவிட்டதைப் பிரிந்துபோனவன் வைத்துக்கொண்டிருக்கிறான்.

ஓதல், பகை, தூது, பொருள் என்று பிரிவுக்குக் காரணங்களை வகுத்தது நம் இலக்கண மரபு. நம் புதுக்கவிஞர்கள் பர்மாவிலிருந்து நடந்துவந்தவர்களின் துயரத்தை ஓரளவு பாடியிருக்கிறார்கள். அந்தத் துயரத்துக்கு முன்னே போன ஆணைகளை, மூன்றாண்டுக் கெடுக்களை, எழுத்து அடித்த தபால் தலையைப் பாடியவர்களை நான் காணவில்லை. அவை வறண்ட பொருள்கள் என்று ஒதுக்கப்படுகின்றன. ஒருவனை அவன் நின்ற இடத்திலேயே அந்நியனாக்கிய ஒரு தாளை விடப் பாடுபொருள் என்ன வேண்டும்?

நம் இரு மாவட்டத்து ஊர்களிலும், ரங்கூன் போய் வந்தவர்களின் பிள்ளைகளும் பேரர்களும் இருந்தால், அவர்கள் வீட்டுப் பெட்டியில் பழைய கடிதமோ அனுமதிச்சீட்டோ செல்லாத தாளோ கிடக்கக்கூடும். அடுத்த கூட்டத்திற்கு வரும்போது, கவிதையோடு அப்படி ஒன்றையும் கேட்டு வாங்கி எடுத்து வாருங்கள் என்று வட்டத்து அன்பர்களை வேண்டிக்கொள்கிறேன். நகல் எடுத்துக்கொண்டு மூலத்தை உரியவரிடமே திருப்பித் தந்துவிடலாம்.