தவறுகள் திரையில் நிகழட்டும்



பெருந்தொற்றுக் காலத்தில் வைத்தியசாலையின் அவசர சிகிச்சைப் பிரிவு நிரம்பி வழிந்தால், நோயாளர் பெருகியதே காரணம் என எண்ணுவது இயல்பு. ஆயினும், வருவோர் தொகை ஒன்றுகூடக் கூடாமலே அப்பிரிவு மும்மடங்கு நெரிசலுறக்கூடும் என்பதை வரிசைக் கோட்பாடு, அதாவது காத்திருப்பைக் கணிதத்தால் ஆராயும் துறை, தெளிவாகக் காட்டுகிறது. 1909இல் கோப்பன்ஹேகன் தொலைபேசி அழைப்புகளை ஆராய்ந்து ஏர்லாங் தொடக்கிவைத்த அத்துறையில், 1961இல் ஜோன் லிற்றில் நிறுவிய விதி மிக எளியது: மணிக்கு வருவோர் தொகையை ஒருவர் தங்கும் நேரத்தால் பெருக்கினால், சராசரியாக உள்ளே இருப்போர் தொகை கிடைக்கும். மணிக்கு 12 பேர் வந்து அரைமணி நேரம் தங்கினால் உள்ளே 6 பேர். பரிசோதனை முடிவுக்குக் காத்திருப்பதாலும் தாதியர் பாதுகாப்பு உடை மாற்றுவதாலும் அந்த அரைமணி ஒன்றரை மணியாக நீண்டால், வருவோர் அதே 12 பேராயினும் உள்ளே 18 பேர்.

ஆனால், நோயாளர் சராசரிக்குக் கட்டுப்பட்டு வருவதில்லை. ஒரு மணியில் இருவரும் அடுத்த மணியில் இருபதின்மரும் வருவர். அந்த ஏற்ற இறக்கத்தைக் கையாளவே கணினி உருவகப்படுத்தல் பயன்படுகிறது. வைத்தியசாலைப் பதிவேட்டிலுள்ள நேரங்களைக் கொண்டு, வருகை, வைத்தியரைக் காணுதல், கட்டில் பெறுதல், வெளியேறுதல் ஆகியவற்றைத் திரையில் மீண்டும் மீண்டும் நிகழச்செய்து, ஆயிரம் நாள்களின் நெரிசலைச் சில நிமிடங்களில் கண்டறியும் முறை அது.

இலங்கையில் முதல் கொவிட் நோயாளி 2020 ஜனவரி 27ஆம் திகதி அடையாளம் காணப்பட்டார்; டி.எச்.ஐ.எஸ். 2 என்னும் திறந்த மூல மென்பொருள் அம்மாதத்திலேயே தொற்றுக் கண்காணிப்புக்கும், பின்னர் தீவிர சிகிச்சைக் கட்டில்களைப் பின்தொடரவும் இந்நாட்டில் தகவமைக்கப்பட்டது. அத்தகைய பதிவு இன்று எங்கே கட்டில் உள்ளது என்று சொல்லும். நாளை எங்கே இல்லாமற்போகக்கூடும் என்று முன்கூட்டிச் சொல்வது உருவகப்படுத்தலின் வேலை.

வஸ்கமுவ வனத்தையொட்டி வயலும் யானையும் அருகருகே வாழும் வில்கமுவ போன்ற பிரதேசத்தில், தொற்று வந்தாலும் பாம்புக்கடியும் யானைத் தாக்குதலும் ஓய்வதில்லை. காய்ச்சல்காரரையும் ஏனையோரையும் பிரித்துவைப்பது அவசியம். எனினும், ஒரே பிரிவை இரண்டாக்கினால், ஒருபுறம் கட்டில் வெறுமையாய்க் கிடக்க மறுபுறம் நோயாளி காத்திருக்க நேரும். தடுப்பை எங்கே வைப்பது, இரவில் எத்தனை தாதியரை எப்பக்கம் நிறுத்துவது, எந்நிலையில் நோயாளியை மாத்தளை வைத்தியசாலைக்கு அனுப்புவது என்பவற்றை உயிருள்ளோர்மீது சோதித்துப் பார்ப்பதைவிடத் திரையில் தவறிப் பார்ப்பதே அறமாகும்.

இதற்கு முதலில் வேண்டியது விலையுயர்ந்த பொறியன்று; ஒவ்வொரு நோயாளியும் வந்த நேரம், வைத்தியரைக் கண்ட நேரம், சிகிச்சை முடிந்த நேரம், வெளியேறிய நேரம் ஆகிய நான்கையும் தவறாது எழுதும் பழக்கம். நெருக்கடி வந்தபின் திறக்கப்படும் பதிவேடு அதற்கடுத்த நெருக்கடிக்கே உதவும் என்பதால், பெருந்தொற்று இல்லாத இந்நாள்களே அதைத் திறப்பதற்குரிய காலம்.